அந்த முந்நூறு பேரை எழுதிக் கொடுத்துவிடாதீர்கள்

மண்டபம் வட்டாரத்துக் கடலோரக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு சகோதரி, வழக்கறிஞரான எனக்கு நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு வயது 31. பி.காம். படித்தவர். கணவர் நாட்டுப்படகில் தொழிலுக்குப் போகிறார். மாமியார் மன்னார் வளைகுடாப் பக்கம் கடல்பாசி எடுப்பவர். மூன்று வருடத்துக்கு முன்பு, மாமியார் நெத்திலி காயப்போடுவதைப் போனில் எடுத்து யூடியூபில் போட்டார். அப்படியே தொடர்ந்து, இன்று அந்தச் சேனலுக்கு 11,000 சந்தாதாரர்கள் இருக்கிறார்கள். அவர்களில் முந்நூறு பேர் போல ஒரு வீடியோவும் விடாமல் பார்த்து எழுதுகிறவர்கள். பாதிக்கு மேல் துபாய், கத்தார், சிங்கப்பூரில் வேலை பார்க்கிற நம் மாவட்டத்துக்காரர்கள். ஊரில் இருக்கும் தங்கள் வீட்டுக்கு இவரிடம் கருவாடு அனுப்பச் சொல்பவர்களும் உண்டு.

இப்போது நான்கு சிக்கல்கள். ஒன்று, ஒரு விளம்பர நிறுவனம் வந்து "ஆறு மாதத்தில் ஒரு லட்சம் பேர் ஆக்கித் தருகிறோம், 40,000 ரூபாய் கொடுங்கள், வருமானத்தில் பாதி எங்களுக்கு" என்று கேட்கிறது. சேனலின் கடவுச்சொல்லும், முத்திரைத்தாளில் ஒரு கையெழுத்தும் வேண்டுமாம். கணவர் கடலுக்குப் போன இரவில் அழுவது போல ஒரு வீடியோ, மாமியாரோடு சண்டை போடுவது போல ஒரு வீடியோ என்று ஆலோசனையும் சொல்லியிருக்கிறார்கள். இரண்டு, பாசி எடுக்கும் பெண்களைக் காட்டிய வீடியோவில் இருந்து பக்கத்து வீட்டு அக்காவின் காட்சியை மட்டும் யாரோ வெட்டி, ஈரச்சேலையோடு அவர் நிற்பதற்கு ஆபாசத் தலைப்பு வைத்து வேறு பக்கத்தில் போட்டுவிட்டார்கள். ஊர்க் கமிட்டி வரை பேச்சு போயிருக்கிறது. மூன்று, வெளிநாட்டில் இருக்கும் ஒரு பார்வையாளர் தங்கை என்று ஆரம்பித்து, பிள்ளையின் படிப்புக்கு என்று 5,000 ரூபாய் அனுப்பி, இப்போது நள்ளிரவில் வீடியோ காலில் வரச் சொல்கிறார். நான்கு, இந்தப் பணம் வந்தது தெரியாத கணவர், தொந்தரவை மட்டும் கேள்விப்பட்டு, "எல்லாத்தையும் அழி" என்கிறார்.

"மனசாரப் பழகினால் கூட்டம் சேரும் என்று சொன்னார்கள். பழகினேன். அதனால்தான் இவ்வளவும் வந்ததா? இனி எப்படி வளர்ப்பது, வளர்ப்பதா வேண்டாமா?" என்று கேட்டு முடித்திருக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

வணக்கம். கடிதத்தோடு நீங்கள் அனுப்பிய ஒப்பந்த நகலைப் படித்தேன். நீங்கள் குறிப்பிட்ட இரண்டு வீடியோக்களையும் பார்த்தேன். முதலில் அந்த நெத்திலி வீடியோவைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் கேள்விக்கான பதிலில் பாதி அதில் இருக்கிறது.

அத்தை உப்பை அள்ளிப் பரத்துகிறார். நீங்கள் போனைக் கிட்டே கொண்டுபோகிறீர்கள். அவர் நிமிர்ந்து பார்க்காமலே, "ஏத்தா, உப்பு தெறிக்கும், தள்ளிக்கோ" என்கிறார். அவ்வளவுதான். அந்த இடத்தைப் பற்றித்தான் கீழே அத்தனை பேர் எழுதியிருக்கிறார்கள். "எங்க அம்மாவும் இப்படித்தான் சொல்லும்" என்று ஒருவர். "அஞ்சு வருசமா ஊருக்கு வரல, இந்தச் சத்தத்தை மூணு தடவை கேட்டேன்" என்று இன்னொருவர். ஒவ்வொருவருக்கும் நீங்கள் பதில் எழுதியிருக்கிறீர்கள். வெறும் நன்றி சொல்லி விட்டுவிடாமல், ஒருவரிடம் எந்த ஊர் என்று கேட்டிருக்கிறீர்கள். தொண்டி என்று அவர் சொன்னதும் அங்கே இப்போது என்ன மீன் படுகிறது என்று விசாரித்திருக்கிறீர்கள். ஒரு லட்சம் பேர் வைத்திருப்பவர்களில் பலர் இதற்காக ஏங்குகிறார்கள். உங்களிடம் அது இருக்கிறது. அதைக் கொடுத்துவிட்டு எண்ணிக்கையை வாங்கிக்கொள்ளச் சொல்லித்தான் அந்த நிறுவனம் கேட்கிறது.

உங்கள் முதல் தவறான எண்ணத்தை இங்கேயே திருத்திவிடுகிறேன். ஒரு லட்சம் வந்தால்தான் வருமானம் என்று நினைக்கிறீர்கள். யூடியூபில் விளம்பர வருமானத்துக்கு வேண்டிய சந்தாதாரர் கணக்கு 1,000தான். அதோடு கடைசி 12 மாதத்தில் 4,000 மணி நேரம் மக்கள் பார்த்திருக்க வேண்டும், அல்லது 90 நாளில் ஷார்ட்ஸ் ஒரு கோடி முறை பார்க்கப்பட்டிருக்க வேண்டும். இதையெல்லாம் நீங்கள் எப்போதோ தாண்டிவிட்டீர்கள். அதற்கு மேல் பணம் வருவது, எத்தனை பேர் எவ்வளவு நேரம் உட்கார்ந்து பார்க்கிறார்கள் என்பதைப் பொறுத்து. விலைக்கு வாங்கிய சந்தாதாரர் உட்கார்ந்து பார்க்க மாட்டார், கருவாடும் கேட்க மாட்டார். அதைவிட, காசு கொடுத்துப் போலி ஆள் சேர்ப்பதை யூடியூபும் இன்ஸ்டாகிராமும் விதிப்படியே தடை செய்திருக்கின்றன. கண்டுபிடித்தால் அந்தப் போலிக் கணக்குகளை நீக்குவார்கள், முற்றினால் சேனலையே மூடுவார்கள். 40,000 ரூபாய் கொடுத்து மூன்று வருட உழைப்பைப் பணயம் வைப்பதாக ஆகும்.

நம் பாம்பனிலேயே இதற்கு ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. 2016 முதல் கடல் ஓசை 90.4 என்ற சமுதாய வானொலி மீனவர்களுக்காகவே நடக்கிறது. சமுதாய வானொலி என்றால் சில கிலோமீட்டர் சுற்றளவுக்குத்தான் கேட்கும், சட்டமே அவ்வளவு சிறிய அலைபரப்பிக்குத்தான் அனுமதி தருகிறது. அவர்கள் காற்று எப்படி, அலை எவ்வளவு உயரம் என்று சொன்னார்கள். மீனவர்களின் பாட்டை அவர்கள் குரலிலேயே போட்டார்கள். கடலுக்குப் போகிறவர் கேட்கிறார், வீட்டில் காத்திருப்பவரும் கேட்கிறார். யாருக்காகப் பேசுகிறோம் என்று தெரிந்து பேசுகிறார்கள், அதனால் நிற்கிறார்கள்.

நீங்களும் அப்படியே செய்யலாம், பெரிய செலவும் இல்லை. வளைகுடாவில் பல நாடுகளில் வெள்ளிக்கிழமைதான் விடுமுறை. உங்கள் ஆட்கள் அறையில் இருக்கும் நேரம் அது. மாதத்தில் ஒரு வெள்ளி, அரை மணி நேரம், அவர்கள் கேட்ட கேள்விகளுக்கு மட்டும் பதில் சொல்லி ஒரு வீடியோ போடுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அப்போது மீன் விலை ஏன் ஏறுகிறது, நாட்டுப்படகுக்காரர்கள் என்ன செய்கிறார்கள் என்று உங்களைப் போல வீட்டுக்குள் இருந்து சொல்ல யாரால் முடியும்? பாடு இல்லாமல் வெறும் வலையோடு வந்த நாளையும் காட்டுங்கள். மரிக்கொழுந்துப் பாசிக்கும் கஞ்சிப்பாசிக்கும் கட்டைக்கோரைக்கும் என்ன வித்தியாசம் என்று அத்தையைக் கேட்டுச் சொல்லச் சொல்லுங்கள். மழையில் கருவாடு சரியாகக் காயவில்லையா? இந்த வாரம் அனுப்ப முடியாது என்று சொல்லிவிடுங்கள். ஒரு வாரம் வியாபாரம் போகும், ஆனால் சொன்னவரிடம் அடுத்த வாரமும் கேட்பார்கள்.

அழுகிற வீடியோவும் மாமியார் சண்டை வீடியோவும் வேண்டவே வேண்டாம். இதைச் சட்டமாகச் சொல்லவில்லை, உங்கள் மேல் அக்கறையால் சொல்கிறேன். கணவர் கடலில் இருக்கும் இரவு என்பது நம் கடற்கரைப் பெண்கள் உண்மையாகவே பயந்து கழிக்கிற இரவு. அதை நடித்துக் காட்டினால், நிஜமாகவே நீங்கள் கலங்கி நிற்கிற நாளில் அந்த முந்நூறு பேரும் நம்பமாட்டார்கள்.

ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது

கையெழுத்துப் போடாதீர்கள். காரணம் சொல்கிறேன்.

நான்காவது பத்தியில், சேனலில் இதுவரை வந்ததும் இனி வரப்போவதுமான அனைத்து வீடியோக்களின் பதிப்புரிமையும் நிறுவனத்துக்கு என்றென்றைக்கும் சேரும் என்று இருக்கிறது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, உங்கள் போனில் நீங்கள் எடுத்த வீடியோவுக்கு நீங்கள்தான் முதல் உரிமையாளர். எங்கும் பதிவு செய்ய வேண்டியதில்லை, எடுத்த கணமே உரிமை வந்துவிடுகிறது. அதை மற்றவருக்கு மாற்றிக் கொடுக்க வேண்டுமானால் எழுத்தில் இருக்க வேண்டும், எந்தப் படைப்பு, எந்த உரிமை, எவ்வளவு காலம், எந்தப் பகுதி, அதற்கு என்ன தொகை என்று தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டும். உங்கள் தாளில் தொகை என்ற இடம் காலியாக இருக்கிறது. நீங்கள் 40,000 ரூபாயும் கொடுத்து, உரிமையையும் கொடுத்து, பாதி வருமானத்தையும் கொடுக்கிறீர்கள். அவர்கள் தருவதாகச் சொல்வது ஒரு எண்ணிக்கை. அதையும் "முயற்சி செய்வோம்" என்றுதான் எழுதியிருக்கிறார்கள், தராவிட்டால் பணம் திரும்பும் என்று எங்கும் இல்லை.

ஒன்பதாவது பத்தி, விலகினால் ஐந்து வருடம் நீங்கள் வேறு சேனல் நடத்தக்கூடாது என்கிறது. 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆவது பிரிவு, ஒருவர் தன் தொழிலைச் செய்யவிடாமல் தடுக்கும் ஒப்பந்தம் அந்த அளவுக்குச் செல்லாது என்கிறது. ஆகவே ஒருவேளை யாராவது ஏற்கெனவே இப்படிக் கையெழுத்துப் போட்டிருந்தால் பயந்து முடங்க வேண்டியதில்லை. முத்திரைத்தாளில் எழுதிவிட்டால் எதுவும் செய்ய முடியாது என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படி இல்லை. சட்டத்துக்கு ஒவ்வாததை எந்தத் தாளில் எழுதினாலும் அது செல்லாது. ஆனால் அதை நிரூபிக்க நீதிமன்றப் படி ஏற வேண்டும். கையெழுத்துப் போடாமல் இருந்தால் அந்த அலைச்சலே இல்லை.

கடவுச்சொல்லை யாருக்கும் கொடுக்காதீர்கள். எடிட்டிங்குக்கு ஆள் வைத்துக்கொள்வது தப்பில்லை, உங்களுக்கு அது தேவையும்கூட. யூடியூப் ஸ்டுடியோவில் அனுமதிகள் என்ற பகுதி இருக்கிறது. ஒருவரை எடிட்டர் என்று மட்டும் சேர்க்கலாம், வேண்டாம் என்றால் ஒரு நிமிடத்தில் நீக்கலாம். பணம் வரும் ஆட்சென்ஸ் கணக்கும் வங்கிக் கணக்கும் உங்கள் பெயரிலேயே இருக்கட்டும். எடிட் செய்து தருபவருக்கு வீடியோவுக்கு இவ்வளவு என்று கூலி பேசிக்கொள்ளுங்கள்.

பக்கத்து வீட்டு அக்கா

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் வருத்தியது இதுதான். "கடல் பொது இடம்தானே, அனுமதி எதற்கு?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

பொது இடத்தில் படம் எடுப்பது மட்டுமே குற்றம் ஆகிவிடாது, அதுவரை நீங்கள் சொல்வது சரி. ஆனால் மனிதருக்குத் தன் அந்தரங்கத்தின் மேல் உள்ள உரிமை, பொது இடம் என்பதால் கரைந்துபோவதில்லை. 1994இல் தமிழ்நாட்டிலிருந்து போன ராஜகோபால் வழக்கில் உச்ச நீதிமன்றம், ஒருவருடைய குடும்பம், திருமணம், தாய்மை போன்ற சொந்த விஷயங்களை அவர் சம்மதம் இல்லாமல் வெளியிடக்கூடாது, அது உண்மையாக இருந்தாலும் சரி, பாராட்டியே எழுதினாலும் சரி என்றது. 2017இல் ஒன்பது நீதிபதிகள் சேர்ந்து அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றே தீர்ப்புச் சொன்னார்கள். பாசி எடுக்கும் பெண்கள் கண்ணாடி மாட்டி, விரலில் துணி சுற்றி, இடுப்பில் பை கட்டி முங்கி எழுகிற வேலை அது. சேலை நனையாமல் செய்ய முடியாது. கூட வேலை செய்கிற பெண்கள் பார்ப்பதற்கும், ஆயிரக்கணக்கான அந்நியர் போனில் நிறுத்தி நிறுத்திப் பார்ப்பதற்கும் உள்ள வித்தியாசம் உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நீங்கள் கெட்ட எண்ணத்தில் எடுக்கவில்லை. ஆனாலும் கேட்டிருக்க வேண்டும்.

இப்போது செய்ய வேண்டியது, இதே வரிசையில். முதலில் உங்கள் சேனலில் அந்த வீடியோவை மறைத்துவையுங்கள். அப்புறம் நேரில் போய் அக்காவிடம் பேசுங்கள், அத்தையையும் கூட்டிக்கொண்டு போங்கள். போனில் பேசி முடிக்கிற விஷயம் இல்லை இது. அடுத்து, திருட்டுக் காட்சி போட்ட பக்கத்தை முடக்க வேண்டும். இதற்கு மிக வேகமான வழி பதிப்புரிமைப் புகார். அந்தக் காட்சியை எடுத்தவர் நீங்கள், ஆகவே புகார் கொடுக்கும் தகுதி உங்களுக்குத்தான் உண்டு, அக்காவுக்குக் கிடையாது. பெரிய தளங்களில் அதற்குப் படிவம் இருக்கிறது, அதில் உங்கள் அசல் வீடியோவின் விவரத்தையும் திருட்டுக் காட்சியின் இணைப்பையும் கொடுங்கள். அந்த நிறுவனத்துக்கு உரிமையை எழுதிக் கொடுத்திருந்தால் இன்று அந்த அக்காவுக்காக இந்தப் புகாரைக்கூட உங்களால் கொடுக்க முடிந்திருக்காது. அவர்களிடம் போய்க் கெஞ்ச வேண்டியிருக்கும்.

ஆபாசத் தலைப்பு வைத்தது தனிக் குற்றம். ஒரு பெண்ணின் கண்ணியத்தை அவமதிக்கும் சொல்லுக்கு பாரதிய நியாய சன்ஹிதா என்ற இன்றைய குற்றவியல் சட்டத்தின் 79ஆவது பிரிவு இருக்கிறது, ஆபாசமானதை இணையத்தில் பரப்புவதற்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67ஆவது பிரிவு இருக்கிறது. தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் அக்கா பெயரில் புகார் போடலாம், மாவட்ட சைபர் குற்றப் பிரிவுக்கு நேரிலும் போகலாம். பெயர் தெரியாத கணக்கு என்பதால் புகாரே கொடுக்க முடியாது என்பதில்லை. கணக்கின் பின்னால் யார் என்று கண்டுபிடிப்பது போலீஸ் வேலை, நீங்கள் தர வேண்டியது இணைப்பும் தேதியும் தெரிகிற ஸ்கிரீன்ஷாட்டும்தான். புகார் கொடுக்கலாமா வேண்டாமா என்று முடிவெடுக்க வேண்டியவர் அக்கா. ஊர்க் கமிட்டி வற்புறுத்தினாலும், நீங்கள் ஆசைப்பட்டாலும், அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்.

இனிமேல் முகம் தெரியும்படி யாரைக் காட்டினாலும், எடுக்கும் முன் ஒரு முறை, போடும் முன் எடுத்ததைக் காட்டி ஒரு முறை கேளுங்கள். "போடு தாயி" என்று அவர் சொல்வதைப் போனிலேயே பதிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள். நனைந்த நிலையில் யாரையும் காட்ட வேண்டாம். கையைக் காட்டுங்கள், பாசியைக் காட்டுங்கள், குரலைக் கேட்க வையுங்கள். பிள்ளைகளின் பள்ளிச் சீருடை தெரியாமல் பாருங்கள். ஸ்டுடியோவிலேயே முகத்தை மங்கலாக்கும் வசதி இருக்கிறது.

இன்னும் சில காட்சிகளையும் நீக்கச் சொல்வேன். ஒரு வீடியோவில் படகில் இருந்து தீவுப் பக்கம் இறங்குவது போல வருகிறது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்காவுக்குள் வருகின்றன, அனுமதி இல்லாமல் தீவில் இறங்குவது வனத்துறை வழக்கு. கடல் அட்டைக்கும் கடல் குதிரைக்கும் 2001 முதல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் பொருந்தும். தவறி வலையில் ஏறியதைக் கையில் பிடித்துக் காட்டுகிற வீடியோகூட, படகில் இருந்த அத்தனை பேருக்கும் எதிரான சாட்சியாகிவிடும். ஜிபிஎஸ் திரையையும் காட்டாதீர்கள். பாக் நீரிணையில் எல்லைப் பிரச்சினை எப்படி இருக்கிறது என்று உங்கள் வீட்டுக்காரருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அதோடு, எந்தப் பாரில் (கடலடிப் பாறைத் திட்டில்) மீன் கிடைக்கிறது என்பது அவருடைய தொழில் ரகசியம், அவர் கூட்டாளிகளுடையதும்கூட.

நள்ளிரவில் வரும் அழைப்பு

மனசாரப் பழகியதால்தான் இது வந்ததா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. வரம்பு மீறியவர் அவர். அந்தத் தப்பை உங்கள் தலையில் போட்டுக்கொள்ளாதீர்கள். ஆனால் பழகுவதற்கு ஒரு வாசல் வைக்க வேண்டும். மீன் விற்கிற அம்மா வாடிக்கையாளர் வீட்டுக் கல்யாணம் வரை விசாரிப்பார், ஆனால் தன் வீட்டு அடுக்களைக்கு யாரையும் கூப்பிட மாட்டார். உங்கள் பேச்சு எல்லாரும் பார்க்கும் கமெண்டில் நடக்கட்டும். கருவாடு ஆர்டருக்குத் தனி எண், வாட்ஸ்அப் பிசினஸில், காலை பத்து முதல் மாலை ஆறு வரை என்று நேரம் போட்டு வைத்திருங்கள். சொந்த எண் யாருக்கும் வேண்டாம். நம்பரைக் கொடுத்தால்தான் நெருக்கம் என்று நீங்கள் நினைத்திருக்கிறீர்கள். உங்களோடு மூன்று வருடமாக இருக்கும் அந்த முந்நூறு பேரில் எத்தனை பேரிடம் உங்கள் சொந்த எண் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.

அந்த ஆளுக்கு ஒரே ஒரு முறை எழுதுங்கள்: "இனி என்னைத் தொடர்பு கொள்ள வேண்டாம்." கெஞ்சலும் வேண்டாம், திட்டும் வேண்டாம், காரணமும் வேண்டாம். அந்த ஒரு வரிக்குச் சட்டத்தில் பெரிய மதிப்பு இருக்கிறது. விருப்பம் இல்லை என்று ஒரு பெண் தெளிவாகக் காட்டிய பிறகும் திரும்பத் திரும்பத் தொடர்பு கொள்வது பாரதிய நியாய சன்ஹிதாவின் 78ஆவது பிரிவின்படி பின்தொடரும் குற்றம், முதல் முறைக்கே மூன்று ஆண்டு வரை சிறை. அவர் இந்தியக் குடிமகன் என்றால் வெளிநாட்டில் இருந்து செய்தாலும் நம் சட்டம் பொருந்தும். பழைய செய்திகளை அழிக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, இன்னொரு இடத்திலும் சேமித்துவிட்டு, அதன் பிறகு பிளாக் செய்யுங்கள்.

5,000 ரூபாயைப் பற்றி: "திருப்பிக் கேட்டு மோசடி வழக்குப் போட்டுவிடுவாரோ" என்று பயப்படுகிறீர்கள். மோசடி என்றால் ஏமாற்றும் நோக்கத்தோடு நீங்கள் பொய் சொல்லி வாங்கியிருக்க வேண்டும். நீங்கள் கேட்கவே இல்லை, அவராக அனுப்பினார், அதுவும் செய்தியிலேயே இருக்கிறது. சட்டப்படி அது கடன் இல்லை. ஆனாலும் வந்த வழியிலேயே திருப்பி அனுப்பிவிடுங்கள், ஒரு வரி குறிப்போடு. பதிவும் இருக்கும், மனதில் உறுத்தலும் போகும். இனி யார் அன்பாகப் பணம் அனுப்பினாலும் கருவாட்டுக்கு மட்டும்தான் வாங்குவேன் என்று சொல்லிவிடுங்கள்.

இதை வீட்டுக்காரரிடம் நீங்களே சொல்லுங்கள், இந்தக் கடிதத்தைக் காட்டியாவது சொல்லுங்கள். "எல்லாத்தையும் அழி" என்று அவர் சொல்வதில் எனக்குக் கேட்பது கோபத்தைவிடப் பயம்தான். அவர் கடலில் இருக்கும்போது வீட்டுக்கு ஒரு அந்நியன் அழைக்கிறான் என்றால் எந்த மனிதருக்கும் பதறும். சேனலை நடத்துவது உங்கள் உரிமை, அதை அழிக்கச் சொல்ல அவருக்கு அதிகாரம் இல்லை என்று நான் எழுதலாம், அது உண்மையும்கூட. ஆனால் வீட்டுக்குள் அந்த வாதம் எதையும் தீர்க்காது. எண் மாற்றிவிட்டேன், பணத்தை அனுப்பிவிட்டேன், ஆளைத் தடுத்துவிட்டேன், படகுக் காட்சி எதைப் போட்டாலும் முதலில் நீங்கள்தான் பார்ப்பீர்கள் என்று செய்து காட்டிவிட்டுப் பேசுங்கள்.

விற்பதும் விளம்பரமும்

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன். கருவாட்டைப் பாக்கெட் போட்டு விற்பதால் உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு எடுத்துக்கொள்ளுங்கள். உங்களைப் போலச் சிறிய அளவில் செய்பவர்களுக்கு ஆண்டுக் கட்டணம் 100 ரூபாய்தான். பதிவு எண்ணையும் பாக்கெட் போட்ட தேதியையும் மேலே அச்சிடுங்கள்.

ஒரு மசாலா நிறுவனம் இலவசப் பெட்டி அனுப்பி, "நீங்களே விரும்பி வாங்கியது போலச் சொல்லுங்கள்" என்று கேட்டதாகப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அது சாதாரண விஷயம் இல்லை. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் தவறான விளம்பரம் செய்பவருக்கு 10 லட்சம் ரூபாய் வரை, மறுபடி செய்தால் 50 லட்சம் வரை அபராதம் விதிக்கலாம், விளம்பரத்தில் பேசியவருக்கும்தான். பணம் வாங்கினால்தான் விளம்பரம் என்றில்லை, இலவசப் பொருளும் தள்ளுபடியும் பயணமும் அதில் சேரும். நீங்கள் தமிழில் பேசுவதால் தமிழிலேயே, வீடியோவின் தொடக்கத்திலேயே, "இந்தப் பொருளை நிறுவனம் இலவசமாகக் கொடுத்தது" என்று சொல்லிவிட்டு, மசாலா நன்றாக இருந்தால் நன்றாக இருக்கிறது என்றும், காரம் போதவில்லை என்றால் போதவில்லை என்றும் சொல்லுங்கள். உங்கள் முந்நூறு பேர் விளம்பரத்துக்காகக் கோபப்பட மாட்டார்கள். மறைத்தது தெரிந்தால்தான் விலகுவார்கள்.

நிறுவனம் பதிலுக்கு ஒரு வாரம் கெடு வைத்திருக்கிறது என்கிறீர்கள். அந்தக் கெடு உங்களை யோசிக்கவிடாமல் செய்வதற்கு, அதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. "வேண்டாம்" என்று எழுத்தில் அனுப்பிவிடுங்கள். அவர்கள் மறுபடி வற்புறுத்தினாலோ, அக்கா புகார் கொடுக்க முடிவு செய்தாலோ, ராமநாதபுரம் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு எதுவும் இல்லாமல் இலவசமாக வழக்கறிஞர் கிடைப்பார். போக முடியாவிட்டால் 15100 என்ற எண்ணுக்குக் கூப்பிடுங்கள். போகும்போது ஒப்பந்த நகல், ஸ்கிரீன்ஷாட்டுகளின் அச்சுப்பிரதி, உங்கள் ஆதார் மூன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் அதற்கெல்லாம் முன்பு, இன்று சாயங்காலமே, அக்கா வீட்டுக்குப் போய்விட்டு வாருங்கள்.

அன்புடன்,
உங்கள் வழக்கறிஞர் சகோதரி